பாசித் துண்டும் மூன்று திரைகளும்

என் வீட்டுக்காரர் கையில் ஒரு துணியைக் கொடுத்தால் முதலில் அதைப் பார்க்க மாட்டார். வலது பெருவிரலால் நீளவாக்கில் ஒரு தடவு, குறுக்குவாக்கில் ஒரு தடவு. அதன் பிறகுதான் தூக்கிப் பிடிப்பார். கண்ணைச் சுருக்குவார். கொண்டுவந்தவரைத் திரும்பிப் பார்த்து, "நீங்களே சொல்லுங்க. இதை நீங்க என்ன கலர்னு சொல்வீங்க?" என்று கேட்பார்.

கேட்கப்பட்டவருக்கு உச்சி குளிர்ந்துவிடும். இவ்வளவு பெரிய வேலைக்காரர் நம்மைப் போய்க் கேட்கிறாரே என்று, "ஒரு மாதிரி... தேன் கலர்?" என்று இழுப்பார்கள். "அதேதான். தேன் கலர்," என்று இவர் முடித்துவைப்பார். வாசல் தாண்டும்போது, "மனுஷனுக்கு என்ன அடக்கம் பாரேன்," என்று அவர்கள் பேசிக்கொள்வது உள்ளே பொத்தானுக்குத் துணி சுற்றிக்கொண்டிருக்கும் எனக்குக் கேட்கும்.

இருபத்துமூன்று வருஷமாகக் கேட்கிறேன். அது அடக்கம் இல்லை.

நாற்காலிக்கும் சோபாவுக்கும் பஞ்சோ ஃபோமோ வைத்துத் துணி போடுவது அவர் தொழில். எல்லோரும் மெத்தைக்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். படுக்கிற மெத்தை ஒன்றுகூட அவர் தைத்ததில்லை. அதற்காக யாராவது தேடி வந்தால், "உட்கார்ற வரைக்கும்தான் என் பொறுப்பு. படுக்கறது அவங்கவங்க பாடு," என்று அனுப்பிவிடுவார். மற்றவர்கள் தடவிப் பார்த்தாலும் கண்டுபிடிக்க முடியாத ஒட்டுத்தையல் அவர் கண்ணுக்கு வாசலில் நின்றாலே தெரியும். ஒரு சோபாவில் எந்த மூலையில் ஆள் அதிகம் உட்கார்ந்திருக்கிறார், அவர் இடது பக்கம் சாய்கிறவரா என்பதுவரை சொல்வார். நிறம் மட்டும் வராது. சிவப்பு, பச்சை, பழுப்பு மூன்றும் அவருக்கு ஒரே வீட்டுப் பிள்ளைகள். இதில் மூத்தது எது, இளையது எது என்று முகம் பிரிக்கத் தெரியாது.

கல்யாணமான மூன்றாம் மாதம் அதைக் கண்டுபிடித்தேன். பழுப்பு நூல் கேட்டேன். பச்சை நூலைக் கொண்டுவந்து நீட்டினார். விளையாடுகிறார் என்று நினைத்துச் சிரித்தேன். அவரும் சிரித்தார். ஆனால் அந்தச் சிரிப்பு கொஞ்சம் தாமதமாக வந்தது. அதற்குப் பிறகு கவனிக்கத் தொடங்கினேன். தக்காளியை அழுத்திப் பார்த்து, மோந்து பார்த்துத்தான் எடுப்பார். சாலைச் சிக்னலில் எந்த நிறம் எரிகிறது என்று பார்க்க மாட்டார், மேலே எரிகிறதா கீழே எரிகிறதா என்று பார்ப்பார். அவருடைய சட்டைகள் எல்லாமே வெள்ளை.

நான் வாயைத் திறந்து ஒன்றும் கேட்கவில்லை. ஏழாவதோடு படிப்பை நிறுத்தியவள். எழுத்து கோணல்மாணலாக இருந்தாலும் படிக்கும்படி இருக்கும். ஒரு மத்தியானம் உட்கார்ந்து ஒவ்வொரு நூல்கண்டிலும் ஒரு சீட்டு ஒட்டினேன். கடைக்காரர்கள் சொல்கிற பேர் எதையும் எழுதவில்லை. செங்கல், துரு, பாசி, மரக்கட்டை, ஈரமண் என்று கண்ணால் பார்த்ததையே எழுதினேன். சாயங்காலம் அவர் அலமாரி முன்னால் நின்று எல்லாச் சீட்டையும் வரிசையாகப் படித்தார்.

"சீட்டு நல்லா இருக்கு. எழுத்தும் நல்லா வருது," என்றார். அவ்வளவுதான். அன்றிலிருந்து தப்பான நூல் வரவில்லை. அவர் தெரியாததுபோல இருந்தார். நானும் தெரியாததுபோல இருந்தேன். வீடு நன்றாகத்தான் நடந்தது.

எங்கள் வீட்டு மாடியில் அவருடைய அக்கா இருக்கிறார். எனக்கு அண்ணி. தொலைபேசி அலுவலகத்தில் முப்பது வருஷம் இணைப்புக் கொடுக்கும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அந்தக் காலத்து லைனில் தூரத்து ஊருக்குக் கேட்கிற மாதிரி பேசிப் பேசி, பக்கத்தில் நிற்கிறவரிடமும் அதே அளவில்தான் பேசுவார். வருஷத்துக்கு இரண்டு முறை தம்பிக்குச் சட்டை எடுத்துவருவார். இரண்டு முறையும் வெள்ளை. அண்ணிக்கு நிறத்தில் ரசனை போதாது என்று நான் நினைத்திருந்தேன்.

துணி ஆலைக்காரர்கள் முன்பெல்லாம் சாம்பிள் புத்தகம் அனுப்புவார்கள். தலையணை கனத்துக்கு இருக்கும். ஒவ்வொரு பக்கத்திலும் உள்ளங்கை அளவு துணி, அதன் கீழே ஒரு எண். நான் அருகில் இருக்கும்போது அவர் விரலால் தடவித் துணியைத் தேர்ந்தெடுப்பார். நான் சும்மா பேசுவதுபோல "இந்தத் துரு நிறம் நல்லாத்தான் இருக்கு" என்பேன். வேலை முடிந்துவிடும். மூன்று வருஷத்துக்கு முன்னால் ஆலை சாம்பிள் புத்தகத்தை நிறுத்தியது. இனி எல்லாம் இணையத்தில். படத்தைப் பார்த்து எண்ணைச் சொன்னால் துணி வந்துவிடும் என்றார்கள். படத்தின் கீழே எண் மட்டும்தான். நிறத்தின் பேர் கிடையாது.

அந்த நேரம் பார்த்து என் தங்கைக்குப் பிரசவம். பத்து நாள் அங்கே போய்விட்டேன்.

திரும்பி வந்தபோது வாசற்கதவு திறந்திருந்தது. உள்ளே எட்டு நாற்காலிகள் வரிசையாக நின்றன. பல் டாக்டர் தன் காத்திருப்பு அறைக்குச் சொல்லியிருந்தவை. காப்பி நிறம் கேட்டிருந்தார். எட்டும் பாசி நிறத்தில் இருந்தன. மழைக்காலத்துக் கிணற்றுச் சுவர்போல.

"எப்படி இருக்கு?" என்றார் இவர், சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு.

"தையல் ரொம்ப நேர்த்தி," என்றேன். பொய் இல்லை.

டாக்டர் வந்தார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நாற்காலிகளை ஒரு சுற்று சுற்றினார்.

"காப்பி கலர்னு சொன்னதா ஞாபகம்."

"ஆமாங்க டாக்டர்."

"பால் விட்டதா விடாததான்னு நான் சண்டைக்கு வரல. இது எந்தக் காப்பின்னு மட்டும் சொல்லுங்க."

இவர் முகம் வெளுத்தது. ஒரு நொடிதான். "ஃபோன்ல அப்படித்தான் தெரிஞ்சுது டாக்டர்," என்றார்.

டாக்டர் நல்ல மனிதர். ஒரு நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தார், எழுந்தார், மறுபடி உட்கார்ந்தார். "பல்லைப் பிடுங்கிக்க வர்றவன் நாற்காலி கலரையா பாக்கப் போறான்? சௌகரியமா இருக்கு. ஏத்துங்க வண்டில," என்றார்.

பழி ஃபோன்மேல் விழுந்தது. அது வாயில்லாத சாமான், மறுத்துப் பேசவில்லை. மாடியிலிருந்து இறங்கிவந்த அண்ணி, "உள்ளங்கை அகலக் கண்ணாடியை நம்பி எட்டு நாற்காலி தச்சிருக்கான் பாரு! டேய், பெருசா ஒரு கம்ப்யூட்டர் வாங்குடா. நான் வரேன் கடைக்கு," என்று தெருவுக்கே தீர்ப்புச் சொன்னார். மிச்சமிருந்த பாசித் துணியை நான் வெட்டி, ஆலை எண்ணைச் சீட்டில் எழுதிக் குத்தி, பிஸ்கட் டப்பாவில் போட்டுவைத்தேன். வெட்டுத்துண்டு எல்லாவற்றையும் அப்படித்தான் போட்டுவைப்பேன்.

கம்ப்யூட்டர் பேச்சு பேச்சாகவே இருந்திருக்கும். நூலகத்து அம்மா வந்ததால் அவசரமாகிவிட்டது.

பெரிய நூலகம். வாசிக்கிற கூடத்தில் அறுபது நாற்காலிகள். அதில் இருபதுக்கு வேறொருவர் செங்கல் நிறத்தில் துணி போட்டுவிட்டு, வேலையை விட்டுப் போய்விட்டார். மீதி நாற்பதும் அதே நிறத்தில் வேண்டும். அந்த அம்மா ஒரு நாற்காலியின் அடிப்பக்கத்திலிருந்து வெட்டிய சின்னத் துண்டை மேஜைமேல் வைத்தார். மெல்லிய குரல், ஆனால் ஒவ்வொரு சொல்லும் ஆணி அடித்த மாதிரி.

"பாருங்க மெத்தைக்காரரே, பல் டாக்டர்கிட்ட இருக்கற நாற்காலியை நானும் பார்த்தேன். தையலைப் பார்த்துத்தான் உங்ககிட்ட வந்தேன். கலரைப் பார்த்து இல்ல. அறுபதும் ஒண்ணா நின்னா புதுசு எது பழசு எதுன்னு தெரியக் கூடாது. தெரிஞ்சா, ஒரு நாற்காலிகூட எடுத்துக்க மாட்டேன்."

"நீங்களே சொல்லுங்க, இதை என்ன கலர்னு சொல்வீங்க?" என்று வழக்கம்போல ஆரம்பித்தார் இவர்.

"அதைச் சொல்றதுக்குத்தான உங்களைத் தேடி வந்தேன்?" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார்.

அன்று முழுவதும் அந்தத் துண்டை விரலிடுக்கில் வைத்துத் தேய்த்துக்கொண்டே இருந்தார். எட்டு நாற்காலி தவறியதை ஊர் சிரித்துவிட்டு விட்டது. நாற்பது தவறினால் யாரும் சிரிக்க மாட்டார்கள். துணி தெரிந்த மனிதர் என்ற பேர்தான் எங்கள் கடைக்குப் பலகை. வேறு பலகை எழுதி மாட்டவில்லை. ஃபோன்மேல் இரண்டாம் தடவை பழி போடவும் முடியாது. அவருக்கு நம்பிக்கை என்னவென்றால், பெரிய திரையில் நிறங்கள் தனித்தனியாக நின்று, 'நான் செங்கல்', 'நான் பாசி' என்று தானே சொல்லிவிடும் என்று. அப்படிச் சொல்லாது என்று எனக்குத் தெரியும். எப்படிச் சொல்வது என்றுதான் தெரியவில்லை.

கம்ப்யூட்டர் கடைக்குக் கிளம்பும்போது பிஸ்கட் டப்பாவைத் துணிப்பையில் எடுத்து வைத்துக்கொண்டேன்.

"அது எதுக்கு? வழியில பசிச்சா சாப்பிடவா?" என்றார் அண்ணி.

"இருக்கட்டும் அண்ணி."

"இவ பேசறதைச் சேர்த்து வச்சா ஒரு தீப்பெட்டிக்குள்ள அடங்கிடும்," என்று தம்பியிடம் சொன்னார். எனக்குக் கேட்கக் கூடாது என்றுதான் சொன்னார். எதிர்வீட்டுக்கும் கேட்டது.

கம்ப்யூட்டர் கடை ஒரு கட்டடத்தின் முதல் மாடியில் இருந்தது. உள்ளே குளிர். ஒரு சுவர் முழுக்கத் திரைகள். எல்லாத் திரையிலும் ஒரே கிளி, ஒரே பழத்தை, ஒரே நேரத்தில் கொத்தியது. விற்பனை செய்கிறவர் வழுக்கைத் தலையும் நீல டையுமாக வந்தார். எங்களுக்கு அவர் டைக்காரர்.

"என்ன யூஸுக்கு சார்? கேம்ஸா, ஆபீஸ் வேலையா?"

"நாற்காலிக்கு," என்றார் இவர்.

டைக்காரர் கொஞ்சம் யோசித்தார். நாற்காலிக்கு இணையத்தில் துணி பார்த்து எடுக்க என்று அண்ணி விளக்கினார். பிறகு பெட்டிகளின் பக்கம் கூட்டிக்கொண்டு போய், எது எவ்வளவு வேகம், எதில் எவ்வளவு கொள்ளும் என்று அடுக்கினார்.

"பெட்டி எதுவா இருந்தாலும் சரி. காலுக்கு அடியில கிடக்கப் போற சாமான் அது. நாங்க பாக்கப் போறது முகத்தைத்தான். பெட்டியில குறைச்சு, திரையில போடுங்க," என்றார் இவர். அதுவரை கேட்டதிலேயே அதுதான் சரியான பேச்சு என்று எனக்குப் பட்டது.

எங்கள் கைக்கு அடங்கிய விலையில் மூன்று திரைகள் இருந்தன. முதலாவது பெரியது, வில்போல வளைந்தது. அண்ணி அதன் முன்னால் நின்று, "அடியம்மா! கிளி என் தோள்ல வந்து உட்காரும்போல இருக்கு. இதையே வாங்கிடலாம்," என்றார். இரண்டாவது நடுத்தரம். மிகத் துல்லியம்; கிளியின் ஒவ்வொரு இறகும் தனியாகத் தெரிந்தது. மூன்றாவது கொஞ்சம் சின்னது, பளபளப்பு இல்லாதது, ஓரமாக வைத்திருந்தார்கள். அதில் கிளி களைத்துப்போன கிளியாகத் தெரிந்தது.

"இந்த வளைஞ்சது எடுத்துக்கங்க சார். கோடிக்கணக்கான கலர் இருக்கு இதுல," என்றார் டைக்காரர்.

"அத்தனை எதுக்குங்க? நாலஞ்சு தெளிவா இருந்தா போதும்," என்றார் இவர் மனசார.

டைக்காரர் சிரித்துவிட்டு மூன்று திரையிலும் ரோஜாத் தோட்டம் ஒன்றைப் போட்டார். கையைக் கட்டிக்கொண்டு, ரொம்ப மரியாதையாக, தலையைச் சாய்த்துக் கேட்டார்: "துணி வேலைல இருக்கறவர் நீங்க. நீங்களே சொல்லுங்க சார். இந்த மூணுல எந்தச் சிவப்பு சரியான சிவப்பு?"

இருபத்தொரு வருஷமாக இவர் வீசிய பந்து சுவரில் பட்டு நேராக இவர் கைக்கே வந்தது. ரோஜாவைப் பார்த்தார். இலையைப் பார்த்தார். அவருக்கு இரண்டும் ஒன்று. காது மடல் சிவந்தது. அதுதான் சரியான சிவப்பு. ஆனால் அதை நான் அங்கே சொல்ல முடியாது. பெருவிரலைத் தூக்கி, நேராகக் கொண்டுபோய் ரோஜாமேல் வைத்துத் தடவினார்.

"சார்! கை வைக்காதீங்க சார்!"

இன்னொரு பக்கம் பார்த்துக்கொண்டிருந்த இரண்டு பேர் திரும்பினார்கள். அண்ணி ஏதோ சொல்ல வாயெடுத்தார். எனக்கு முன்னால் என் குரல் வந்துவிட்டது.

"பூ வேண்டாங்க. எங்க துணி ஆலைப் பக்கத்தைத் திறந்து காட்ட முடியுமா?"

அண்ணி என்னையே பார்த்தார். டைக்காரர் திறந்தார். நான் டப்பாவைத் திறந்து பாசித் துண்டை எடுத்து, சீட்டில் இருந்த எண்ணைப் படித்தேன். மூன்று திரையிலும் அந்த எண் துணியின் படம் வந்தது. துண்டை வளைந்த திரைக்குப் பக்கத்தில் பிடித்தேன். திரையில் இருந்தது பாசி இல்லை, பளபளவென்று வாழைக்குருத்து.

"இது எங்க கையில இருக்கற துணிதாங்க. இதுவே அங்க வேற மாதிரி இருக்கு," என்றேன்.

"மேடம், கடையில எல்லாத்துக்கும் வெளிச்சத்தை முழுசா ஏத்தி வச்சிருப்போம். பார்க்க எடுப்பா இருக்கணும்ல."

"எங்க வீட்டு அறை எடுப்பா இருக்காதுங்க. கொஞ்சம் இறக்குங்க."

மூன்றிலும் இறக்கினார். வளைந்த திரையில் வாழைக்குருத்து கொஞ்சம் வாடியது, அவ்வளவுதான். இரண்டாவது திரையில் பாசி வந்தது, ஆனால் மஞ்சள் பூசிய பாசி. டைக்காரர் எதையெதையோ திருகிப் பார்த்தார். மஞ்சள் போனால் நீலம் வந்தது. மூன்றாவது, களைத்த கிளியைக் காட்டிய திரை. அதன் பக்கத்தில் துண்டைப் பிடித்ததும் துணி எது, படம் எது என்று எனக்கு ஒரு கணம் தடுமாறியது. துரு, மரக்கட்டை, ஈரமண், செங்கல் என்று டப்பாவில் இருந்த துண்டுகளை ஒவ்வொன்றாக எண்ணைச் சொல்லிப் பிடித்துப் பார்த்தேன். ஐந்தில் நான்கு அப்படியே. ஐந்தாவது ஒரு மயிரிழை தள்ளி.

அதற்குள் இவருக்குத் தெம்பு வந்திருந்தது. நிறப் பேச்சு கைமாறிவிட்டதும் அவருடைய கண் தன் வேலையை ஆரம்பித்தது. மூக்கு படுகிற தூரத்தில் போய் நின்றார். பக்கவாட்டில் நகர்ந்து நின்றார். குனிந்து கீழிருந்து பார்த்தார்.

"இந்த வளைஞ்சது, நேரா உட்கார்ந்தாத்தான் வெளிச்சம். பக்கத்துல ஒரு ஆள் நின்னு பார்த்தா இருட்டிடுது. சரி, எல்லாத்துலயும் ஒண்ணுமே காட்டாம வெறும் கறுப்பா வைங்க."

"கறுப்பாவா? எதுக்கு சார்?"

"வைங்களேன்."

திரைகள் கறுத்தன. "இதோ, இந்தக் கீழ் மூலைல வெளிச்சம் கசியுது பாருங்க. இங்க குஷன் சரியா நிரம்பல. இங்க ஒரு புள்ளி செத்துப்போயிருக்கு." டைக்காரர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். கைக்குட்டையால் துடைத்துப் பார்த்தார். புள்ளி போகவில்லை.

"எட்டு மாசமா இங்க நிக்கறேன் சார், நான் பார்த்ததில்ல," என்றார். மரியாதை ஒரு படி ஏறியது. வளைந்த திரை கழிந்தது. அண்ணி கிளியிடம் விடைபெற்றுக்கொண்டார்.

மிஞ்சியது இரண்டு. இவர் துல்லியமான திரையைத் தட்டினார். "இதுல துணியோட இழை ஒவ்வொண்ணும் தெரியுது. அந்தச் சின்னதுல இழையெல்லாம் கூழாயிடுது. சாய்வு நெசவா நேர் நெசவான்னே சொல்ல முடியல. இதுதான். பில் போடுங்க."

"கலர்?" என்றேன்.

"கலர் கிடக்கட்டும். இழைதான் முக்கியம்."

டைக்காரர் பேனாவை எடுத்தார். நாற்பது நாற்காலிகளும் மஞ்சள் பூசிய செங்கல் நிறத்தில் என் கண் முன்னால் வரிசையாக வந்து நின்றன. சொன்னால் நாலு பேர் முன்னால் அவர் மானம். சொல்லாவிட்டால் நாற்பது நாற்காலியோடு சேர்ந்து அதே மானம். நான் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னேன்: "இழையை நீங்க ஆலைக்கு ஃபோன் போட்டுக் கேட்டுக்கலாம். ஒரு வெட்டுத்துண்டு அனுப்பச் சொல்லி விரலால பாத்துக்கலாம். கலரை விரலால பாக்க முடியாதுங்க. அதை நான்தான் பாக்கணும்."

இவர் என்னைப் பார்த்தார். அந்தக் கல்யாணத்து மூன்றாம் மாதத்துச் சிரிப்பு, அதே தாமதத்தோடு, வரலாமா வேண்டாமா என்று நின்றது.

அண்ணிதான் முந்திக்கொண்டார்; அண்ணிக்கே உரிய அளவில். "அவ சொல்றதைக் கேளுடா! அஞ்சாம் வகுப்புல மரம் வரையச் சொன்னா இலை பூராவும் செங்கல் கலர்ல வரைஞ்சவன்தான நீ? டீச்சர் 'இலை உதிர்ற காலமாப்பா'ன்னு கேட்டதுக்கு 'ஆமா டீச்சர்'ன்னு சொல்லி நூத்துக்குத் தொண்ணூறு வாங்கினவன்!"

"அக்கா! உனக்குத் தெரியுமா?"

"தெரியாமதான் வருஷத்துக்கு ரெண்டு தரம் வெள்ளைச் சட்டையா எடுத்துட்டு வரேனா?" என்னைப் பார்த்துத் திரும்பினார். "உனக்குத் தெரிஞ்சுடக் கூடாதேன்னு நான் இத்தனை வருஷம் வாயைக் கட்டிட்டு இருந்தேன்மா." வாயைக் கட்டியது அவருக்கு எவ்வளவு பெரிய கஷ்டம் என்பது எனக்குத் தெரியும். சட்டென்று அண்ணியின் ரசனைமேல் மதிப்பு வந்துவிட்டது.

"எனக்கு மூணாம் மாசமே தெரியும் அண்ணி. அதான் நூலுக்கெல்லாம் சீட்டு ஒட்டினேன்."

இவர் என் பக்கம் திரும்பினார். "அது... அது எனக்காகவா?"

"வேற யாருக்கு?"

"நீ பாதியில படிப்பை விட்டவளாச்சே, எழுதிப் பழகறேன்னு நினைச்சேன். கேட்டா கூச்சப்படுவியேன்னுதான் 'எழுத்து நல்லா வருது'ன்னு மட்டும் சொன்னேன்."

இருபத்தொரு வருஷமாக அவர் என் கோணல் எழுத்தை மானம் போகாமல் காப்பாற்றிக்கொண்டிருந்திருக்கிறார். நான் அவர் கண்ணை. இரண்டு பேரையும் மாடியிலிருந்து அண்ணி. எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. புடவை முந்தானையை வாயில் வைத்துக்கொண்டேன். அவரும் சிரித்தார். இந்த முறை தாமதமில்லை.

"இதுக்கு கலர் ப்ளைண்ட்னு ஒரு பேர் இருக்கு சார்," என்று டைக்காரர் உதவிக்கு வந்தார்.

"அவனுக்கு ஏற்கெனவே ஒரு பேர் இருக்கு. நீங்க அந்தச் சின்னத் திரைக்கு பில் போடுங்க," என்றார் அண்ணி.

வீட்டுக்குக் கொண்டுவந்து வேலை அறையில், ஜன்னல் வெளிச்சம் இடது பக்கமிருந்து விழும்படி வைத்தோம். டைக்காரர் ஒரு தாளில் எழுதிக்கொடுத்தபடி வெளிச்ச அளவைக் கடையில் இறக்கிய அதே இடத்தில் நிறுத்தினேன். நூலகத்துத் துண்டை ஓரத்தில் பிடித்துக்கொண்டு ஆலையின் பக்கங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். செங்கல் ஜாதியில் பதினேழு எண்கள் இருந்தன. இரண்டு நாள் பார்த்து இரண்டு எண்ணாகக் குறைத்தேன். பிறகு அவர் ஆலைக்கு ஃபோன் செய்தார்.

"ஒரு அங்குலத்துக்கு எத்தனை இழை? சாய்வு நெசவா, நேர் நெசவா? சாய்வுன்னா எந்தப் பக்கம் சாயுது, வலமா இடமா?" அந்தப் பக்கம் இருந்தவர் போய்ப் பார்த்துவிட்டு வர நேரம் கேட்டார். இரண்டு எண்ணில் ஒன்று நேர் நெசவு; நூலகத்துத் துண்டோ சாய்வு. அது கழிந்தது. மற்றதில் ஒரு வெட்டுத்துண்டு வரவழைத்தோம். அவர் கண்ணை மூடிக்கொண்டு தடவினார். நான் வாசல் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தேன். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் "இதுதான்" என்றோம்.

ஆறு வாரத்தில் நாற்பதும் முடிந்தன. நூலகக் கூடத்தில் பழையதையும் புதியதையும் கலந்து போடச் சொன்னார் அந்த அம்மா. மேஜை மேஜையாக நடந்தார். ஒரு நாற்காலி முன்னால் நின்று, "இது புதுசு," என்றார்.

இவர் பெருவிரலால் ஒரு தடவு தடவினார். "இல்லீங்க. இது அந்தப் பழைய ஆள் தச்சது. ஓரத்தையல் நெளியுது பாருங்க."

அந்த அம்மா குனிந்து பார்த்தார். நிமிர்ந்து, அறுபது நாற்காலியையும் இன்னொரு முறை பார்த்தார். "அப்ப சரி," என்றார். பிறகு ஏதோ நினைத்துக்கொண்டு, "இன்னைக்காவது சொல்லுங்க. இதை நீங்க என்ன கலர்னு சொல்வீங்க?" என்று கேட்டார்.

"எனக்கு அது பிரியாதுங்க. அவங்களைக் கேளுங்க," என்று என்னைக் காட்டினார். வெளியாள் ஒருவரிடம் அவர் அதைச் சொன்னது அதுதான் முதல் தடவை.

"செங்கல்," என்றேன்.

இது நடந்து இரண்டு வருஷம் ஆகிறது. அறுபது நாற்காலிகளும் அந்தக் கூடத்தில் இருக்கின்றன. பல் டாக்டரின் எட்டும் பாசி நிறத்திலேயே இருக்கின்றன. மாற்றித் தருகிறேன் என்று இவர் கேட்டதற்கு டாக்டர் பழகிவிட்டது என்றார். கம்ப்யூட்டர் முன்னால் நான் உட்காருகிறேன், அவர் பக்கத்தில் முக்காலி போட்டு உட்காருகிறார். நிறம் என் பொறுப்பு, இழை அவர் பொறுப்பு. புதிதாகத் துணி கொண்டுவருகிறவர்களிடம் அவர் இன்னும், "நீங்களே சொல்லுங்க," என்றுதான் ஆரம்பிக்கிறார். அவர்கள் சொன்னதும், சரிதானா என்று உள்ளறைப் பக்கம் திரும்பி என்னிடம் கேட்கிறார். அண்ணி போன மாதம் அவருக்கு ஒரு நீலச் சட்டை எடுத்துவந்தார். நீலம் அவருக்கு நன்றாகத் தெரியும். அதைப் போட்டுக்கொண்டுதான் வேலை செய்கிறார்.